முற்றுகையில் ஒரு கொலை

மார்க் மில்ஸின் ‘தி இன்பர்மேஷன் ஆபீஸர்’ (2009) நாவல் 1942ன் மால்டாவில் நடக்கிறது. ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் ஓயாது குண்டு போட்ட தீவு. அவ்வருஷம் ஆகஸ்டில் அதற்கென்று புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் 5தான் போய்ச் சேர்ந்தன. கதையில் அங்கே மால்டியப் பெண்களை ஒருவன் கொல்கிறான்; பிரிட்டிஷ் படையினன் என்று சந்தேகம். விஷயம் வெளியே தெரிந்தால் ஜனங்களின் விசுவாசம் போய்விடும், ஆகவே மூடிவிடு என்கிறது மேலிடம்.

துப்பறியும் கதை இலக்கியமா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. என்னை உறுத்துவது வேறு. ஆகாயத்திலிருந்து கொன்றவனின் பெயர் நமக்கு வேண்டியிருக்கவில்லை. இவன் பெயருக்கு மட்டும் ஏன் பக்கம் பக்கமாக அலைகிறோம்? மேலிடத்தின் வாதத்தில் தர்க்கப் பிழை கிடையாது. தீவு விழுந்தால் இன்னும் பலர் சாவார்கள். ஆனால் அதை ஒப்புக்கொண்ட மறுகணம் செத்தவள் வெறும் எண்ணாகிவிடுகிறாள். குண்டு போட்டவனுக்கு அவள் அதுகூட இல்லை.

இருந்தும், இவ்வகைக் கதைகளில் கொலையாளி பிடிபட்டதும் வாசகனுக்கு வரும் ஆசுவாசத்தை நான் நம்பவில்லை (எனக்கும் வந்தது). யுத்தத்தின் கடனில் ஒரு சல்லியைத் தீர்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறோம். 1942 ஏப்ரல் 9ல் மோஸ்டா மாதா கோயிலின் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு விழுந்தது. உள்ளே சுமார் 300 பேர். வெடிக்கவில்லை, அற்புதம் என்றார்கள். அதைப் போட்டவனைத் தேடிப் போக, எந்தத் துப்பறிவாளனை அனுப்புவது?