பழைய கருவியும் அறிந்தோர் கடனும்

பேராதனையிற் பயிலும் மாணவருட் சிலருடைய இல்லங்கள் கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் உள்ளன. அங்கெல்லாம் இணையத் தொடர்பு சீராக எட்டுவதில்லை. ஆதலால், பகிர்தற்கென வெளியிடப்பட்ட விரிவுரைக் காணொளிகளைத் தொடர்பு வாய்க்குமிடத்திற் பதிவிறக்கி, வீட்டிற் காண்பதே அவர்க்கு வழி. தமையன் பயன்படுத்திய கணினி தங்கைக்கு வருவதும் இயல்பு. அது 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 இயங்குதளத்தைக் கொண்டதாயின் இடர் எழுகின்றது.

அவ்விடரின் தன்மை நோக்கற்பாலது. யூடியூப் முதலிய தளங்கள் தம் உள்ளமைப்பை அடிக்கடி மாற்றுகின்றன. எனவே பதிவிறக்கக் கருவிகளும் இடையறாது புதுப்பிக்கப்படல் வேண்டும். அவற்றுட் புகழ்பெற்ற யூடியூப்-டிஎல், அதன் வழிவந்த வைடி-டிஎல்பி ஆகியன பைதான் நிரல்மொழியில் ஆக்கப்பட்டவை. 2020இல் வெளிவந்த பைதான் 3.9ஆம் பதிப்போ விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. பழைய கருவி கணினியில் இயங்கும், தளத்தை அறியாது. புதிய கருவி தளத்தை அறியும், கணினியில் இயங்காது.

பழையன ஒழிதல் இயற்கையென்பர் சிலர். சொற்கள் வழக்கொழிவதை நன்னூலாரும் வழுவாகக் கொண்டிலர். ஆயின், வழங்குவோர் கைவிட்ட பின்னரே சொல் இறக்கின்றது. கருவியோ, வழங்குவோர் கையில் இருக்கும்போதே இறந்ததென அறிவிக்கப்படுகின்றது. விண்டோஸ் 7க்கு 2020 சனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் அத்தகைய நாள் குறிக்கப்பட்டது. 2022இல் இலங்கை ரூபாவின் மதிப்புப் பெருவீழ்ச்சியுற்ற வேளையில், தோட்டத் தொழிலாளியின் மகளிடம் புதிய கணினி வாங்குக என்பது அறிவுரையாகுமா?

எனினும், மறுபக்கமும் சிந்திக்கற்பாலது. பழுது திருத்தப்படாத இயங்குதளம் தீய நிரல்களுக்குத் திறந்த வாயிலாகும். உடையவர்க்கு மட்டுமன்றி, அவரோடு தொடர்புடையார்க்கும் அது கேடு விளைக்கும். மேலும், இக்கருவிகளை ஆக்குவோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர். விலைபெற்று விற்ற நிறுவனத்திடம் எதிர்பார்க்கத்தக்கதை, கொடையாக அளித்தவரிடம் உரிமையோடு கேட்டல் முறையன்று.

ஆயின் வழியே இல்லையெனல் பொருந்தாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளங்களுட் சில பழைய கணினியிலும் இயங்கும். புதிய பைதானையும் ஏற்கும். அது அறிந்தார்க்கு மட்டுமே வழியாதல்தான் குறை. நகரிற் கற்ற தமையன், விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து தங்கையின் கணினியைச் செப்பனிட்டுத் தருவானாயின், கைவிடப்பட்ட கருவி மீண்டும் கல்விக்குத் துணையாகும். விற்றவர் தம் பொறுப்பை நாள்குறித்து முடித்துக்கொள்ளலாம். அறிந்தோர் கடனுக்கு அத்தகைய முடிவுநாள் இல்லை.