முதலில் எம்.டி.யின் அனுமதியைக் குறையுங்கள்

ஆயுத பூஜையன்று அலுவலக சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப் பார்த்து நம்மில் பலர் சிரிக்கிறோம். அந்தப் பொட்டால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. வருடம் முழுவதும் அதே சர்வருக்கு நடக்கும் மற்ற பூஜைகளைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை. 90 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி இருக்க வேண்டும். ஏன் என்று ஐ.டி. பிரிவில் கேட்டால் ‘பாலிசி’ என்று பதில் வரும். பாட்டியிடம் கேட்டிருந்தால் ‘ஐதீகம்’ என்றிருப்பாள்.

இந்த ஐதீகத்துக்கு மூலம் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக 2003-இல் பில் பர் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான் உலக அலுவலகங்கள் பலவும் இதைக் கற்றுக்கொண்டன. ஓய்வுபெற்ற பிறகு, 2017-இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும், பாஸ்வேர்டு களவு போனதற்கான அறிகுறி இருந்தாலொழியக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று திருத்தியது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் பரிந்துரையிலிருந்து இந்த விதியை எடுத்துவிட்டது. காரணம் எளிது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பழைய பாஸ்வேர்டுகளை வைத்து 2010-இல் செய்த ஆய்வில், முந்தையது கையில் இருந்தால் 41 விழுக்காடு தடவை அடுத்ததை மூன்று நொடிக்குள் கணினி கண்டுபிடித்தது. மந்திரம் எழுதியவரே வாபஸ் வாங்கிக்கொண்ட பிறகும் நாம் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் பாருங்கள். இணையத்திலிருந்து இறக்கும் இ-ஆதாருக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு: பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த ஆண்டு. இந்தச் சூத்திரம் ஊருக்கே தெரியும். பெயர் தெரிந்தவருக்கு வயது தெரியாவிட்டாலும் நூறு முயற்சி போதும். அந்த ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ‘பாஸ்வேர்டு போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன்’ என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். தாயத்து கட்டியவனும் இப்படித்தான் தூங்குகிறான்.

சடங்குகளை விட்டு விஷயத்துக்கு வருவோம். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம்? அலுவலகத்தில் இதைத் தீர்மானிக்கும் முறையைக் கவனித்தால், அங்கே அறிவைவிட அந்தஸ்து அதிகம் வேலை செய்வது தெரியும்.

விலைப்பட்டியல் வேண்டும் என்று வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார். அது இருக்கும் ஃபோல்டருக்கு விற்பனைப் பிரிவுப் பெண்ணுக்கு அனுமதி இல்லை. டிக்கெட் போட வேண்டும், மேலாளர் ஒப்புதல் தர வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார். அவள் என்ன செய்வாள்? பக்கத்து மேசை அண்ணனிடம் கேட்பாள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அல்லது தன் பாஸ்வேர்டையே சொல்லிவிடுவார். வேலை நடந்துவிடும். ஒரு நாள் அந்தப் பட்டியல் போட்டிக் கம்பெனியின் கையில் கிடைத்தால், மெமோ அவளுக்குத்தான் வரும். அந்த ஃபோல்டரை அப்படி வடிவமைத்தவருக்கு வராது. கடைப்பிடித்தால் வேலை நடக்காது, மீறினால் வேலை போகும் என்று ஒரு விதி இருக்குமானால், அதை மீறியவரைக் குற்றவாளி என்பது எந்த அறத்தில் சேர்த்தி?

நானாகச் சொல்லும் சலுகைப் பேச்சு இல்லை இது. கணினிப் பாதுகாப்பின் அடிப்படைகளை 1975-இல் ஒரு கட்டுரையில் வகுத்துத் தந்த சால்ட்ஸரும் ஷ்ரோடரும், பாதுகாப்பு ஏற்பாடு எளிமையாக இருக்க வேண்டும், மனிதர்கள் யோசிக்காமலேயே சரியாகப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதையும் விதிகளில் சேர்த்தார்கள். ஐம்பது ஆண்டு கழிந்தும் ‘பாதுகாப்பு என்றால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்’ என்கிறார்கள். விரதம் என்றால் பட்டினி கிடக்கத்தான் வேண்டும் என்பதுபோல.

மேலே இருப்பவர்கள் விதியை எப்படிக் காக்கிறார்கள்? 2017 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் நடீன் டோரிஸ், தன் ஊழியர்கள், பயிற்சிக்கு வந்தவர்கள் உட்பட, தன் லாகினில்தான் தினமும் தன் கணினியைத் திறக்கிறார்கள் என்று ட்விட்டரில் தானே எழுதினார். நம் ஊரில் அதிகாரியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் உதவியாளரின் இழுப்பறையில் கிடப்பது பல அலுவலகங்களில் சகஜம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 42-ஆம் பிரிவு அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை அதிகாரியின் தலையில்தான் வைக்கிறது. ஆனால் வில்லங்கம் வரும் நாளில் இழுப்பறைக்காரரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

அந்த 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு விதி இருக்கிறது: ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவு அனுமதிதான் தர வேண்டும், அதற்கு மேல் கூடாது. இதை எல்லா நிறுவனங்களும் வாயளவில் ஏற்கின்றன, கீழே இருப்பவர்களுக்கு மட்டும். எம்.டி.க்கு எல்லா ஃபோல்டரும் திறந்திருக்கும். ஏன்? தினமும் ஒவ்வொருவரின் மருத்துவச் சான்றிதழையும் அவர் படிக்கிறாரா? இல்லை. எம்.டி. என்பதால் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். வேலையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கதவு திறக்கும் வழக்கத்தை எதிர்த்து இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டு பேசியிருக்கிறோம். குளிர்சாதன அறைக்குள் அதே வழக்கம் புகுந்தால் ‘அட்மின் ரைட்ஸ்’ என்று கும்பிடுகிறோம்.

அறம் கிடக்கட்டும், கணக்கே உதைக்கிறது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை ஒருவர் திறந்து அதில் வைரஸ் இருந்தால், திறந்தவரின் அதிகாரத்தோடுதான் அது கிளம்பும். கடைநிலை ஊழியர் திறந்தால் ஒரு ஃபோல்டர் போகும், எம்.டி. திறந்தால் கம்பெனியே போகும். 2013-இல் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விலிருந்து ஆவணங்களை வெளியே கொண்டுவந்த ஸ்நோடென், ஒப்பந்தப் பணியில் சிஸ்டம் அட்மினாக இருந்தவர். (அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அது வேறு விவாதம்.) அதன் பிறகுதான் அந்த அமைப்பின் தலைவர், சிஸ்டம் அட்மின்களில் 90 விழுக்காட்டைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். அனுமதியின் உச்சாணியில் இருந்தவர்களைப் பற்றிய சந்தேகம் அவ்வளவு தாமதமாக வந்தது.

இன்னும் கசப்பான கேள்வி ஒன்று. எதற்காகப் பூட்டுகிறோம்? ஊழியரின் முகவரி, நோய், வேலைக்கு மனுப் போட்டவரின் ஆதார் நகல் — இவை வெளியே போனால் அடிபடுவது அந்த மனிதர். அவர் நம் அறையில் இல்லாததால்தான் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று ஒரு கிளிக்கில் தாராளமாக இருக்கிறோம். அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்துவைக்கும் தாராளம் அது. மறுபக்கம், சம்பள விகிதம், கொள்முதல் விலை, புகார் விசாரணையின் முடிவு ஆகியவற்றைக் கெட்டியாகப் பூட்டுகிறோம். இந்தப் பூட்டு பெரும்பாலும் காப்பது நாற்காலியை. சம்பளம் தெரிந்தால் அலுவலகம் கலவரமாகிவிடும் என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அலுவலர், ஊழியர் ஒவ்வொருவரின் மாத ஊதியத்தையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அரசு அலுவலகங்கள் இடிந்து விழவில்லை.

அதே சட்டத்தின் 8(1)(ஜெ) உட்பிரிவு, தனிநபர் விவரத்தை மறுக்கலாம், பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அந்த உட்பிரிவில் இருந்த பொதுநலன் விதிவிலக்கை வெட்டிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது, இருக்கட்டும். நோயாளியின் பெயரைக் காக்கச் செய்த பூட்டு, ஒப்பந்தம் கொடுத்தவரின் பெயரைக் காக்கவும் பயன்படும் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே எளிமைப்படுத்துவது என்றால் புதிய மென்பொருள் வாங்குவது என்று நினைக்காதீர்கள். ஃபைலைத் திறந்தால் யார் அடிபடுவார் என்று கேளுங்கள். பதில் ஒரு மனிதராக இருந்தால் பூட்டுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கே தெரியும்படி பதிவு இருக்கட்டும். பதில் ஒரு பதவியாக இருந்தால் திறந்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் அனுமதி தராமல், வேலைக்கென்று குழு அமைத்து அதற்குத் தாருங்கள். வேலை மாறினால் அனுமதியும் மாறும். வெளியாருக்குத் தரும் லிங்குக்குக் கடைசித் தேதி போடுங்கள். ஃபைலின் உரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊழியர் விலகிக் கணக்கை நீக்கும்போது ஃபைலும் சேர்ந்து போகும். இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் அடங்கும்.

எம்.டி. கோபப்படுவார். நான் கட்டிய கம்பெனியில் நானே அனுமதி கேட்க வேண்டுமா என்பார். கேட்கலாம். எதற்குத் தேவை என்று ஒரு வரி எழுதினால் ஹெச்.ஆர். திறந்து காட்டுவார், அந்த வரி பதிவில் நிற்கும். அவருடைய கணக்கர் இத்தனை வருடமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.