முந்தி முளைத்ததே நல்ல விதையா?

தோல் பதனிடுகிறவர்களுக்கு ஆவாரை என்றால் அதன் பட்டைதான். தென்னிந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் ‘ஈ.ஐ.’ என்று பெயர் வாங்கித் தந்ததில் அந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு வாட்டில் பட்டை வந்தது, குரோம் வந்தது. இப்போது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கரம்புகளில் ஆவாரை சும்மா மஞ்சளாகப் பூத்து நிற்கிறது.

அதன் ஒரு காயை உடைத்து விதைகளை ஈர மண்ணில் போட்டுப் பாருங்க. ஒரே தாய், ஒரே காய். ஆனாலும் சில சீக்கிரம் முளைக்கும், சில அப்படியே கிடக்கும். விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. இந்தக் குடும்பச் செடிகளில், காய் முற்றும்போது காற்று எவ்வளவு வறண்டிருந்தது என்பதுகூட அந்தக் கெட்டியை மாற்றும். அதனால் ஏலகிரி அடிவாரத்து விதையும் பாலாற்றங்கரை விதையும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டியதில்லை. குளிர்நாட்டு ஃபிர் மரத்திலும் இதே கதைதான்: விதையை எத்தனை வாரம் ஈரக் குளிரில் வைக்க வேண்டும் என்பது அது எந்த மலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தும் மாறும்.

நர்சரிக்கு இதெல்லாம் தொல்லை. வெந்நீரில் ஊறவைத்து, ஒன்றாக முளைத்ததை வைத்துக்கொண்டு, மீதியைக் கொட்டிவிடுவார்கள். தோல் தொழிற்சாலையில் ‘அசார்ட்டிங்’ மேசை இருக்கிறதே, அதே புத்திதான். உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பி கீறிய கோடு, எல்லாம் தரத்தைக் குறைக்கும். ஒரு ஜோடி ஷூவின் இரண்டு காலும் ஒத்துப்போக வேண்டும், அதில் தப்பு சொல்ல முடியாது. கடன் வாங்கி நாற்று நடுகிற விவசாயியிடம் போய் ‘பன்மையைக் கொண்டாடு’ என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

ஆனால் தரம் பிரிக்கிறவனின் வசதி எந்த இடத்தில் விதையின் குணமாக மாறிப்போகிறது? முந்தி முளைத்தது ‘நல்ல விதை’ என்கிறோம். முதல் மழையோடு வானம் பொய்த்தால் அந்த நல்ல விதைகள் எல்லாம் ஒரே வாரத்தில் கருகும். மண்ணுக்குள் கிடக்கும் ‘சோம்பேறி’தான் மிச்சம். 1879-இல் வில்லியம் பீல் மிச்சிகனில் பாட்டில்களில் அடைத்துப் புதைத்த களை விதைகளில் சில 2021-இலும் முளைத்தன.

உடனே இதை ‘லேட்டா முளைச்சாலும் ஜெயிப்பேன்’ ஸ்டேட்டஸாக ஆக்கிவிடாதீர்கள். பிந்திய விதைகளில் பெரும்பாலானவை ஜெயிப்பதில்லை. வண்டு துளைக்கும், மக்கிப்போகும். வம்சம் பிழைக்கத் தனி விதை கொடுக்கும் விலை அது. செடிக்கு அதில் குற்றமில்லை. மனிதர்கள் அப்படிக் கணக்குப் போடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தத் தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதைக் குறிப்பிடுகிறது. ஏற்றுமதி பிழைக்க அந்த நிலத்துக்காரர்கள் கொடுத்த விலை அது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த மண்ணில் மறுபடி மரம் வைக்கும்போது, எந்த விதை தாங்கும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? உள்ளூர்ச் செடிகள் பலவற்றிலிருந்து பொறுக்கி, முளைக்காததையும் கொட்டாமல் அங்கேயே தூவச் சொல்வேன். ‘பின்னால் உதவும்’ என்று நான் சொல்கிற இந்தக் காரணமும் அசார்ட்டிங் மேசையின் காரணம்தானே என்று கேட்டால், ஆமாம். உதவாது என்று நாளை உறுதியானாலும் அந்த விதையை அங்கே விட்டுவைப்போமா என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.