மணி முந்தி, தீபம் பிந்தி

பேரூர் பட்டீசுவரர் கோயில் திருவாதிரையை அம்மாவுக்காக டிவியிலிருந்து கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். தொடக்கத்தில் மணியும் தீபமும் ஒன்றாக வந்தன. போகப்போக மணி முந்தியது. படத்தைப் பதியும் கேப்சர் கார்டுக்கு ஒரு கடிகாரம், ஒலியைப் பதியும் சவுண்ட் கார்டுக்கு வேறொன்று. பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே போதும், ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி, அதாவது 9 ஃபிரேம் விலகும். ஒலியை மொத்தமாகத் தள்ளிவைத்தால் தொடக்கம் கெடும். நீளத்தையே இழுக்க வேண்டும்.

எதற்கு எதைப் பொருத்துவது? சன்னிதியிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் அம்மிணிக்கும் மணியோசை நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித்தான் எட்டும். அவருக்குத் தரிசனம் குறைந்துவிட்டதா? சைவ சித்தாந்தத்தில் ஓசை ஆகாயத்தின் குணம், உருவம் தீயின் குணம்; இரண்டும் கூடுவது உயிரின் அறிவில். அதை முழுமனதாக நம்புகிறேன். ஆனாலும் ஓதுவாரின் உதட்டை வைத்தே அளந்து இழுத்தேன். அம்மா அவரோடு சேர்ந்து பாடுவார்.