புல்லுக்கு அடியில் தண்ணீர்

சிட்னியின் ஹரிஸ் பார்க் விக்ரம் தெருவில் தோசை சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தால் எலிசபெத் ஃபார்ம் வந்துவிடும். 1793-ல் ஜான் மெக்கார்தர் கட்டிய வீடு. மெரினோ ஆட்டுக்கு இந்த நாட்டில் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் முதல் வரிசைக்காரர் அவர். ஆடு பெருகியது, மாடும் பெருகியது. கோடையில் கீழே புல் கருகினால் மந்தையை எங்கே ஓட்டுவது? மலைக்குத்தான்.

அந்த மலையைப் பார்க்க ஜனவரியில் போனோம். த்ரெட்போவரை ஆறு மணி நேரம் கார். அங்கிருந்து நாற்காலி லிஃப்ட். பிறகு கோசியஸ்கோ சிகரத்துக்கு ஆறரை கிலோமீட்டர் நடை. உயரம் 2,228 மீட்டர். "நம்ம தொட்டபெட்டாவே 2,637 ஆச்சே" என்றார் கூட வந்த மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

மேலே மரம் இல்லை. புல், வெள்ளைச் சாமந்தி மாதிரிப் பூக்கள், நடுநடுவே பஞ்சு போன்ற பாசி. பாதையின் பெரும்பகுதியில் இரும்பு வலைத் தளம் போட்டிருக்கிறார்கள். குனிந்தால் வலைக்குக் கீழே தண்ணீர் கசிந்து ஓடுவது தெரிகிறது. பனி உருகிய நீரைப் பாசியும் கரிமண்ணும் குடித்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஸ்னோயி ஆற்றுக்கு விடுகின்றன. ஏரியை மண்ணுக்குள் ஒளித்து வைத்த மாதிரி.

மந்தையோடு இங்கே வந்த மேய்ப்பர்கள் இளந்தளிருக்காகப் பழைய புல்லைக் கொளுத்தினார்கள். குளம்பு பட்டுப் பாசி கிழிந்தது, மண் அரித்துக்கொண்டு போனது. 1949-ல் ஸ்னோயி அணைத் திட்டம் தொடங்கியதும் வண்டல் பயம் வந்தது. புல்லுக்காகப் பேசிய தாவர இயலாளர்களின் குரல் அப்புறம்தான் எடுபட்டது. 1958-ல் உயரமான பகுதிகளில் மேய்ச்சலை நிறுத்தினார்கள். அணைக்கு ஆபத்து என்றால்தானே அரசாங்கத்துக்குக் காது கேட்கும்!

நீலகிரியில் கதை தலைகீழ். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தும் அங்கே புல்வெளி நின்றது. அதை விழுங்கியது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் நட்ட சீகை மரம். மாடு இங்கே வந்தது, மரம் அங்கே போனது. இரண்டு பயணத்துக்கும் வெள்ளைக்காரர்தான் தரகர்.

இந்தக் கோடையில் பிள்ளைகளோடு போகிறவர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், லிஃப்ட்டைத் தாண்டினால் நடைபாதையில் கடை கிடையாது. படம் எடுக்கிறேன் என்று மட்டும் வலைத் தளத்தைவிட்டுக் கீழே இறங்காதீர்கள். மாட்டுக் குளம்பு செய்ததை நம் செருப்பும் செய்யும்.