கழுகு என்ன தப்பு செய்தது?

வேட்டைக்குப் போகிறவருக்குத் தன் பக்கத்து ஆளையே வேறொன்று வேட்டையாடிவிடுமோ என்ற பயம் இருக்குமா? வல்லூறு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். ‘அந்தப் பயம் இல்லாத நாளே கிடையாது’ என்பார்கள்.

அமெரிக்காவில் வயோமிங் என்று ஒரு மாநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புதரும் புல்லுமாக வெட்டவெளி. குளிர்காலத்தில் அங்கே வல்லூறோடு வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. துப்பாக்கி கிடையாது. கூட ஒரு நாய், தோல் கையுறை மேல் ஒரு வல்லூறு. அவ்வளவுதான். காட்டுக்கோழிக்குத் தூரத்து உறவான ஒரு பறவை புதருக்குள் பதுங்கியிருக்கும். நாய் அதை மோப்பம் பிடித்து, அசையாமல் நின்று இடத்தைக் காட்டும். வல்லூறின் தலையில் மாட்டிய தோல் குல்லாயைக் கழற்றினால், ஜிவ்வென்று பல நூறு அடி ஏறி வட்டமடித்துக் காத்திருக்கும். கோழியைக் கிளப்பிவிட்டதும் மேலிருந்து ஒரே பாய்ச்சல். பெரிகிரின் வகை வல்லூறு என்றால் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டிவிடும்!

வம்பு அதற்கப்புறம்தான். பிடித்த இரையோடு தரையில் உட்கார்ந்து இறகு பிய்க்கிற வல்லூறிடம் அந்த வேகம் ஏது? பெண் பெரிகிரினே ஒரு கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. மேலே பறக்கிற பொன்னிறக் கழுகு மூன்றிலிருந்து ஆறு கிலோ. ஒரே அடி... வருஷக்கணக்காகக் கையில் வைத்து வளர்த்த பறவை காலி.

அந்த நிமிஷம் வளர்த்தவருக்கு என்ன தோன்றும்? நமக்கெல்லாம் தோன்றுவதுதான். ‘அந்தக் கழுகைச் சுட்டுத் தள்ளு!’

முடியாது. அனுமதியில்லாமல் பொன்னிறக் கழுகைக் கொல்வது அங்கே 1962-லிருந்து குற்றம். சரி, சட்டம் கிடக்கட்டும். நியாயம் என்ன சொல்கிறது? வல்லூறு கோழியைப் பிடித்தால் கை தட்டுகிறோம். கழுகு வல்லூறைப் பிடித்தால் ‘ஐயோ, கொலை!’ என்கிறோம். ‘உங்க ஆள் பண்ணா திறமை, நான் பண்ணா அராஜகமா?’ என்று கழுகு கேட்டால் என்ன பதில் சொல்வது? செத்துப்போன கோழிக்கு வக்கீலே கிடையாது. அதையும் மறந்துவிடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே வல்லூறு ஒரு காலத்தில் கழுகின் இடத்தில் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர் விமானங்களில் தகவல் சொல்லப் புறாக்களை எடுத்துப் போனார்கள். நாடு திரும்பும் புறாவைப் பெரிகிரின் பிடித்துத் தின்றது. அரசாங்கம் 1940-ல் உத்தரவு போட்டது. சுமார் 600 பெரிகிரின்களைக் கொன்றார்கள். புறாக்காரருக்கு வில்லன், வல்லூறுக்காரருக்குக் குழந்தை. பறவை என்னவோ ஒன்றுதான்.

நான் படித்தது பி.காம். ஒருவருடைய ஏட்டில் பற்று வைப்பது அடுத்தவர் ஏட்டில் வரவாகும் என்பது முதல் வருஷப் பாடம். நல்லது கெட்டதும் அப்படித்தான், அவரவர் கணக்கு அவரவருக்கு என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். ஆனால், அது தப்பித்துக்கொள்கிற பேச்சு. கழுகு தன் வானத்தில் தன் பசிக்குப் பறக்கிறது. அந்த வானத்தில், அந்த நேரத்தில் இந்த வல்லூறை விட்டது யார்? மனுஷன்தானே? செலவும் அவர் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.

‘அப்போ குல்லாயைக் கழட்டாமலே வெச்சிருக்கலாமே’ என்பீர்கள். வைக்கலாம். ஆபத்தே வராது. ஆனால், பறக்காத வல்லூறை எதற்காகக் காப்பாற்றினோம்?

நல்ல வேட்டைக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குல்லாயைக் கழற்றுமுன் பைனாகுலரில் வானத்தைத் துழாவுவார்கள். எங்கோ ஒரு கம்பத்தின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தாலும் இடத்தை மாற்றுவார்கள். பறந்துகொண்டிருக்கும்போது கழுகு தென்பட்டால், கயிற்றில் கட்டிய போலி இரையைச் சுழற்றி வல்லூறை உடனே கீழே அழைப்பார்கள். நாய் கோழியைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சரி, அன்றைய வேட்டை ரத்து. இரை விழுந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஓடுவார்கள். வல்லூறின் காலில் எதுவும் தொங்கவிட மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற கழுகு, இரை தூக்கிப் போகிறது என்று நினைத்துப் பிடுங்க வருமாம். அதனால் இருப்பிடம் காட்டும் கருவியை முதுகிலோ வாலிலோ பொருத்துகிறார்கள்.

டி.டி.டி. பூச்சிமருந்தால் அமெரிக்காவில் பெரிகிரின் இனமே அழியும் நிலை வந்தபோதும் இதே பாடம்தான். டாம் கேட் என்ற பேராசிரியர், தானே வல்லூறு வளர்ப்பவர், 1970-ல் ஓர் அமைப்பைத் தொடங்கிக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார். பெரிய கொம்பு ஆந்தைகள் வந்து குஞ்சுகளைத் தின்றன. ஆந்தைத் தொல்லை குறைவான கடலோரச் சதுப்பு நிலங்களில் கோபுரம் கட்டினார்கள். நகரத்துக் கட்டடங்களின் உச்சியிலும் விட்டார்கள். 1999-ல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்தே பெரிகிரினை எடுத்துவிட்டார்கள்.

இத்தனையிலும் விட்டுக்கொடுப்பவர் யார் என்று பாருங்கள். நேரத்தை, ஆசையை, அன்றைய இரையை இழப்பது மனிதர். பாதுகாப்பு என்ற பெயரில் யார் எதைச் செய்தாலும் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பில் யார் தலையில் விழுகிறது? நம் பிள்ளையைக் காப்பாற்ற நாம் சிரமப்பட்டால் அது காவல். எதிர்வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தினால் அதற்கு வேறு பெயர்.

எல்லாம் சரியாகச் செய்தும், ஒருநாள் சூரிய வெளிச்சத்துக்குள்ளிருந்து கண்ணில் படாமல் கழுகு இறங்கிவிடும். அப்போது அந்த மனிதருக்கு மிஞ்சுவது, கோபப்பட ஆளே இல்லாத துக்கம். அதைத் தாங்குவதுதான் கஷ்டம். யாரையாவது குற்றவாளியாக்கிவிட்டால் பாதி பாரம் குறையும். குறைத்துக்கொள்ளாமல், வெறும் கையுறையோடு வீடு திரும்புகிறவரை எனக்குப் பிடிக்கிறது.