கூண்டுக் கிளியும் சிங்காரத்தோப்பும்

பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் உயிர்ப்பலி கிடையாது. ஆடும் கோழியும் வெட்டிப் படைப்பதை அய்யா வைகுண்டர் விலக்கினார். சென்னை மாகாணத்தில் கோயில் பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இல்தான் வந்தது. அதற்கு நூறு ஆண்டு முன்பே அன்புக்கொடி மக்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். அது பெருமைதான். ஆனால் வெட்டாமல் இருந்தால் மட்டும் போதுமா?

மயிலாப்பூர்ப் பக்கம் கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் சாதாரணக் காட்சி. கூப்பிட்டதும் கிளி வெளியே வரும். சீட்டு ஒன்றை எடுத்துப் போடும். நெல்மணியைக் கொத்திக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். அதற்குக் கூண்டுதான் பிடித்திருக்கிறது என்று பார்ப்பவர் சொல்வார். இறக்கை நறுக்கிய பறவைக்கு வேறு போக்கிடம் ஏது?

திருவிதாங்கூரில் சான்றோர் மக்கள் மேலாடை மறுக்கப்பட்டு, தலைவரி கட்டி, கூலியில்லா ஊழியம் செய்து குனிந்து நின்றார்கள். மனம் ஒப்பியா நின்றார்கள்? அந்த மக்களை நிமிரச் செய்ததற்காகவே அய்யா சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் இருந்தார். அங்கே பசித்த புலியின் கூண்டில் அய்யாவை அடைத்தபோதும் அது அடங்கிக் கிடந்தது என்று அகிலம் கூறுகிறது. அந்தப் புலியும் காட்டிலிருந்து பிடித்து அடைக்கப்பட்ட உயிர்தானே!

தி. நகரிலும் அடையாற்றிலும் கிளி வளர்ப்பவர்கள் கொய்யாவும் கோவைப்பழமும் கொடுக்கிறோம், பூனையிடமிருந்து காக்கிறோம் என்பார்கள். அவர்கள் பாசம் பொய்யில்லை. ஆனால் சிறையிலும் சோறு உண்டு, காவலும் உண்டு. அதை யாரும் தர்மம் என்பதில்லை.

அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், வாயில்லா ஜீவன்களுக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் அச்சட்டம் வதை என்கிறது. வானத்தில் பறக்கப் பிறந்த உயிருக்கு எந்தக் கூண்டு போதும்? நாட்டுக் கிளியை வீட்டில் வைத்திருப்பதே இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அதற்காகக் கூண்டை அப்படியே திறந்துவிடுவதும் சரியல்ல. கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கைக்கும் பூனைக்கும் பலியாகிவிடும். கிண்டியில் வனத்துறையினரிடம் ஒப்படைத்தால், பறக்கத் தேறியபின் விடுவார்கள். தேறாததைப் பராமரிப்பார்கள். இறக்கையை நறுக்கியது மனிதக் கை என்பதால், அது தேறும்வரை காக்க வேண்டியதும் மனிதக் கடமைதான்.

பலியை நிறுத்தியது தர்மத்தின் முதல் படி. அடைபட்ட வேதனையைத் தலைமுறையாக அறிந்த மக்கள், இன்னொரு உயிரை அடைத்து வைக்காதிருப்பது அடுத்த படி. சாவி தன் கையில் இருக்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தர்மம் தெரியும்.

அய்யா உண்டு.